பஸ் வராத வாரத்துப் பால்

ஐப்பசி 5, திங்கள்

விடிய விடிய மழை. எருமப்பட்டி ரோட்டில் தரைப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டதாம். காலை பஸ் இல்லை. அதன் தலையில் ஏறி நாமக்கல் ஹோட்டலுக்குப் போக வேண்டிய பால் கேன் நான்கும் எங்கள் வாசலில். உச்சிப்பொழுது வரை காத்திருந்தேன். மூடியைத் திறந்ததுமே வாடை சொல்லிவிட்டது.

தெருவில் எட்டு வீட்டுப் பால் என் வழியாகத்தான் போகிறது. எல்லோரும் வந்து பார்த்தார்கள். அடுத்த வீட்டுப் பாவாயி தன் பங்குப் பாலைப் போசிப் பாத்திரத்தில் வாங்கிப் போய்ச் சாணிக்குழியில் ஊற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஆட்டை விற்று எருமை வாங்கு என்று அவளுக்குச் சொன்னவள் நான். "நீ கற, மத்தது என் பாடு" என்று சொன்னதும் இதே வாய்தான்.

இனி ஒரு சொட்டும் குழிக்குப் போகக்கூடாது. எழுதி வைக்கிறேன்.

ஐப்பசி 6, செவ்வாய்

தூறல். பாலத்துக்கு ஆள் வந்திருக்கிறார்கள். நாலைந்து நாள் ஆகுமாம்.

"கறக்காம உட்டாத்தான் என்ன புள்ள?" என்று இவர் கேட்கிறார். கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளும், பிறகு வற்றும். எல்லாவற்றையும் கன்றுக்கு விட்டால் கழிச்சல். கறக்கத்தான் வேண்டும். கறந்ததை வெண்ணெயாக்கி, உருக்கி வைத்துவிட வேண்டும். நெய் காத்திருக்கும்.

வேண்டியவை: உறைமோர். பானைகள். இரண்டு மத்து. காய்ந்த விறகு (இந்த மழையில் எங்கே?). இவருக்கு இருமலுக்குச் சித்தரத்தை.

சாயங்காலம் புதுத் தொல்லை. மேகத்தில் பொழுதே தெரியாமல் எல்லா வீட்டிலும் சீக்கிரமே விளக்கேற்றிவிட்டார்கள். விளக்கு வைத்தபின் பால் வாசல் தாண்டாது. பாவாயி போசியை முந்தானையால் மூடிக்கொண்டு, "வெளக்கு வெச்சுப்போட்டனுங்கக்கா. இனி குடுத்தா லச்சுமி போயிருவா" என்றாள். நேற்று சாணிக்குழி வழியாகப் போனது யாராம் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். நான் மட்டும் என்ன, விளக்கு வைத்தபின் கொடுக்கிறவளா?

ஐப்பசி 7, புதன்

மழை விட்டது. முழங்கால் வலி.

சாயங்காலம் தெருவோடு கத்திக்கொண்டு போனேன். "நான் வந்து போற வரைக்கும் ஆரும் வெளக்கு வெக்காதீங்க." எட்டு வீடும் இருட்டில் உட்கார்ந்திருந்தது. பால் முழுக்க வந்து சேர்ந்தது. பெருமை தாங்கவில்லை எனக்கு.

பெருமை ஒரு நாழிகை நின்றது. அத்தனை பாலுக்குப் பாத்திரம் ஏது? இவரை விட்டு வெல்லம் காய்ச்சும் கொப்பரையை எடுத்துவரச் சொன்னேன். கழுவினேன், ஆனால் விளிம்பில் பழைய பாகு ஒட்டியிருந்ததைப் பார்க்கவில்லை. வெல்லம் பட்டால் பால் என்னாகும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கொதி வந்ததும் கொப்பரை முழுக்கத் திரிந்து நின்றது. ஈர விறகுப் புகை என்று சொல்லிக்கொண்டு அழுதேன்.

பாவாயி எட்டிப் பார்த்தாள். "உங்க கையிலயும் இப்படித்தானுங்களா?" குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. சனிக்கிழமை மாட்டுத் தரகரை வரச்சொல்லியிருக்கிறாளாம்.

ஐப்பசி 8, வியாழன்

வெயில். கொப்பரையை ஓரங்கட்டியாயிற்று. ஒவ்வொரு வீட்டுப் பாலையும் அவரவர் அடுப்பிலேயே காய்ச்சி உறை ஊற்றச் சொன்னேன். இதை முதல் நாளே யோசித்திருக்கலாம். புத்தி கடைசி வண்டியில்தான் வருகிறது.

கொப்பரைக்குப் போகாமல் செவ்வாயும் நேற்றுக் காலையும் உறை ஊற்றியிருந்த தயிரைக் கடைந்தோம். இவரும் கயிறு இழுத்தார், இருமிக்கொண்டே. வெண்ணெய் நன்றாகத் திரண்டது. மோர்தான் வெள்ளம். மோரை விற்கிற வழக்கம் எங்களில் இல்லை. விற்றவள் என்று பேர் வந்தால் மகளுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. உப்புப் போட்டு, பாலத்தில் மண் சுமக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஓர் ஆள் மேஸ்திரியிடம், "மோரு இப்படி வந்தா பாலத்தைப் பொங்கலுக்கு முடிச்சாப் போதுமுங்க" என்றான். அவனுக்கு மட்டும் இரண்டாவது சொம்பு கிடையாது என்றேன்.

ஐப்பசி 10, சனி

பஸ் வந்துவிட்டது. கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கண்டக்டர் கீழே இறங்கவே இல்லை. "ஹோட்டல்ல டப்பாப் பால்பவுடருக்கு மாறிட்டாங்க. இப்பத்திக்குப் பாலு வேண்டாம்னு மொதலாளி சொல்லச் சொன்னாருங்க."

மத்தியானம் தரகர். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று வந்திருக்கிறார், பேச்சில் மட்டும் தேன். துண்டுக்கடியில் பாவாயியின் விரலைப் பிடித்து விலை சொல்கிறார். அவள் என்னைப் பார்க்கிறாள். "என்னுங்கக்கா பண்ணட்டும்?"

"நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் பொறு."

"நாளைக்கு இந்த வெலை இருக்காதுங்க அம்மிணி" என்றார் தரகர்.

பாவாயி கையை உருவிக்கொண்டாள். நாளைக்குத் தோற்றால் எருமையும் போகும், அந்த விலையும் போகும், என்னால்.

இவரிடம் நாமக்கல் போகிறேன் என்றேன். "தனியாவா?" "பாவாயியும் வாரா."

ஐப்பசி 11, ஞாயிறு

முதல் பஸ். நல்ல கூட்டம், கேன் எங்கள் காலிடுக்கில். பாவாயிக்கு வாந்தி.

ஹோட்டலில் முதலாளி கல்லாவை விட்டு எழவில்லை. பால் நல்ல பால்தான், தெரியும், வாங்கிய டப்பாவை என்ன செய்வது என்றார். நான் என்னென்னவோ பேசினேன். தரைப்பாலம், மழை, எட்டு வீடு. எதுவும் ஏறவில்லை. "ஒரு மாசம் போவட்டும்மா. பொறவு பாக்கலாம்."

வழியெல்லாம் வாயே திறக்காத பாவாயி, சாப்பிடுகிறவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சரிங்க. அதை எங்க எருமைகிட்ட ஆருங்க சொல்றது?" என்றாள்.

இலையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டுவிட்டு, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். முதலாளி அவளையே பார்த்தார். பிறகு கேனைப் பார்த்தார். காப்பி போடுகிறவர் பாலை ஊற்ற அண்டாவைக் கழுவிக்கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். முதலாளி தடுக்கவில்லை.