டீனுடைய பெயர்ப்பிள்ளை

சுவா,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த பிறகு.

அன்புத் தம்பி இசிகேலிக்கு,

அக்கா அசெனதா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சினாயில் அமைதிப்படையில் இருக்கும் உனக்கும் உன் படைப்பிரிவுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று இன்று காலை கோயிலில் உன் பெயர் சொல்லி ஜெபித்தோம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாய். உன் கூடாரத்தில் இருக்கிற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு நடுவே வணக்கம் வேறு சொல்கிறார்கள். அதோடு, அக்காவும் தம்பியும் பிரசவத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லை. எழுதினால் கூச்சம் கொஞ்சம் குறையும். விடுமுறை முடிந்து திரும்பும் கார்ப்பரல் செமியிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படி.

உன் மனைவி மெரேவலேசியும் பிள்ளையும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். பிள்ளை முட்டி முட்டிப் பால் குடிக்கிறான். காது இரண்டும் உன் காது, பாவம். ஆனால் சுகப்பிரசவம் என்று அவள் உன்னிடம் சொன்னது பொய். நீங்களே எழுதிவிடுங்கள் அண்ணி, என்னால் முடியாது என்று என்னிடம் விட்டுவிட்டாள்.

நம் ஊர் நர்சிங் ஸ்டேஷன் கூரையில் சோலார் பலகைகள் போட்டது நான் வேலை செய்யும் வணிகக் கல்லூரிதான் என்பது உனக்குத் தெரியும். பாட்டுப் பாடி, மாலை போட்டு, பன்றி சுட்டு வரவேற்றோம். இரண்டு மழைக்காலம் போனதும் பேட்டரிகள் ஊதிப்போய்ச் செத்தன. ஸ்டேஷனில் பிரசவம் பார்க்கும் நர்ஸ், எங்கள் கல்லூரிக்கு எழுதிக் கேட்டாள். திட்டம் வெற்றிகரமாக நிறைவடைந்துவிட்டது, கோப்பு மூடப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. மெரேவலேசிக்கு வலி கண்ட அன்று விடாமல் மழை. சாயங்காலமே கும்மிருட்டாகிவிட்டது. பெண்கள் சுற்றி நின்று போன் விளக்கைப் பிடித்தார்கள். பிள்ளை நல்லபடியாக வந்தான். அதற்குப் பிறகு இரத்தம் நிற்கவில்லை. எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க நர்ஸுக்கு வெளிச்சம் போதவில்லை. மழை விட்டதும் படகில் ஏற்றி லெவுகா ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து சுவா பெரியாஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தார்கள். இப்போது எழுந்து நடக்கிறாள். கசாவாக் கிழங்கு போட்ட மீன் குழம்பு கேட்டுச் சாப்பிடுகிறாள்.

அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அதே வாரத்தில்தான் எங்கள் கல்லூரியில் பசுமை ஆற்றல் வாரம் நடந்தது. நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் ஆபீஸில் இருப்பதால், அந்தக் கூத்துக்கு நாற்காலி போட்டவளே நான்தான்.

என்ன சொல்ல, தம்பி. சூரியனைப் பற்றிப் பேச வந்தவர்கள் முதலில் செய்த காரியம், வெயில் கண்ணைக் கூசுகிறது என்று திரைச்சீலைகளை இழுத்து மூடச் சொன்னது. ஏசி குளிருக்கு ஆளாளுக்குக் கோட்டு. பிரிஸ்பேனிலிருந்து வந்த ஒருவர், சூரியன் ஒரு சொத்து, அதை நாம் இன்னும் சரியாக நிர்வகிக்கவில்லை என்றார். இத்தனை நாளும் அது பொறுப்பில்லாமல் உதித்துக்கொண்டிருந்தது போல. இன்னொருவர் காற்றைப் பற்றிப் பேசினார். அவர் பேச்சிலேயே ஒரு காற்றாலை ஓட்டலாம். மாணவர்களுக்கு ஒரு போட்டி: ஒரு தீவுக்கு வெளிச்சத்தை எப்படி விற்பது. வாங்குகிறவனிடம் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல் பரிசு வாங்கிய பையன் மூங்கிலில் செய்த கேடயத்தைத் தூக்கிக்கொண்டு, ஆற்றலில் அல்ல, வங்கியில்தான் வேலைக்குப் போகப்போவதாக மைக்கிலேயே சொன்னான். அதற்கும் கைதட்டினார்கள்.

வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு படம் வைத்திருந்தார்கள். நம் நர்சிங் ஸ்டேஷன், விளக்குகள் எரிய. திறப்பு விழா அன்று எடுத்தது. எங்கள் கல்லூரி டீன் டிரெவர், வருகிறவர்கள் ஒவ்வொருவரையும் அதன் முன்னால் நிறுத்தி, தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

ஊர் சார்பாக நன்றி சொல்ல அபெனிசா சித்தப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பாய்களும், சபையில் கரைத்துக் குடிக்க ஒரு கட்டு யங்கோனா வேருமாக வந்து இறங்கினார். அவர் நம் மொழியில் பேசுவது, நான் இங்கிலீஷில் சொல்வது என்று ஏற்பாடு. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், சித்தப்பா, என்று முந்தின நாளே கெஞ்சினேன். அவர் சிரித்தார். கேட்க வந்த இடத்தில் முகம் சுளிக்கக்கூடாது என்றார். முதலில் புகழ்வாராம், புகழ்ந்து குளிர வைத்துவிட்டுப் பிறகு பேட்டரி கேட்பாராம்.

சொன்னபடியே புகழ்ந்தார். உங்கள் விளக்கு எங்கள் பிள்ளைகளின் முகத்தில் எரிகிறது என்றார். எங்கள் பெண்கள் பயமில்லாமல் பிள்ளை பெறுகிறார்கள் என்றார். அந்த வாக்கியத்தை இங்கிலீஷில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, அந்த விளக்குகள் செத்து வெகு நாளாகிறது, போன வாரம் என் தம்பி மனைவி இருட்டில் பிள்ளை பெற்று இரத்த வெள்ளத்தில் கிடந்தாள், உங்களுக்கு எழுதியதற்குக் கோப்பு மூடிவிட்டது என்று பதில் போட்டீர்கள் என்றேன். நல்ல, திருத்தமான இங்கிலீஷில்.

நம் மொழி தெரிந்த மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சித்தப்பா சொன்னதும் நான் சொன்னதும் அவர்களுக்குத்தானே தெரியும். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் டீனைப் பார்த்தேன். கோபப்படுவார், வெட்கப்படுவார், குறைந்தபட்சம் கைக்குட்டையாவது எடுப்பார் என்று நினைத்தேன். அந்த மனிதர் எழுந்து கைதட்டினார். இப்படிப்பட்ட வெளிப்படையான பின்னூட்டத்துக்காகத்தான் நாம் கூடியிருக்கிறோம், தோல்வியிலிருந்து கற்பது பற்றி அடுத்த வருடம் தனி அமர்வே வைக்கலாம் என்றார். சபை மொத்தமும் கைதட்டியது. பேட்டரி என்ற வார்த்தையை ஒருவரும் எடுக்கவில்லை. சேற்றை வாரி வீசினேன். அவர்கள் அதைச் சந்தனம் என்று பூசிக்கொண்டார்கள்.

சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நினைத்துக்கொண்டே இரு. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மைக்கை என் கையிலிருந்து வாங்கி, டீன் பக்கம் திரும்பி, இங்கிலீஷிலேயே, இருட்டில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு ஐயாவின் பெயரை வைக்கிறோம் என்று சொல்லிவிட்டார். டீனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிவந்து கட்டிக்கொண்டார். படம் எடுக்கிறவன் நாற்காலி மேல் ஏறிவிட்டான்.

டாக்சியில் வரும்போது நான் அடக்கிக்கொள்ளவில்லை. காலை நக்குவதற்குக்கூட ஒரு அளவு இருக்கிறது, சித்தப்பா என்று சொல்லிவிட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"நீ உண்மையச் சொன்ன. கை தட்டுனானுங்க, எந்திரிச்சுப் போயிட்டானுங்க. நான் பேரக் குடுத்திருக்கேன். இனி அவன் நம்ம புள்ளைக்குப் பேர்க்காரன். பேர்க்காரன்னா பாதி அப்பன். புள்ளைய இருட்டுல விடலாமா?"

"அவரு வெள்ளைக்காரர். அந்த முறையெல்லாம் அவருக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுதான். சொல்லிக் குடுப்போம். எனக்கு வேற என்ன வேலை?"

சொன்னதைச் செய்தார். ஊருக்குத் திரும்பவில்லை. தினமும் காலையில் சட்டை, இடுப்பில் கட்டும் சுலு எல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு, டீன் ஆபீஸ் வாசலில் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார். கேட்கிறவர்களிடம், என் பேரனுடைய பேர்க்காரரைப் பார்க்க வந்தேன் என்பார். அடுத்த நாள் நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் துப்புரவுப் பெண்கள், வாட்ச்மேன், நம் மாணவர்கள். யங்கோனாக் கிண்ணம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. டீனுக்கு முதல் கிண்ணம். மறுக்க முடியுமா? குடித்துக் குடித்து மூன்று கூட்டங்களில் அந்த மனிதர் நாக்கு மரத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பின்வாசல் வழியாகப் போய்ப் பார்த்தார். அங்கே நம் வாட்ச்மேன் எழுந்து நின்று, "பேர்க்காரரே, புள்ள நல்லாருக்கானா?" என்று கேட்டான்.

பேட்டரிகள் போன வெள்ளிக்கிழமை கப்பலேறிவிட்டன. பொருத்துகிற ஆளும் கூடப் போகிறான். வருடாவருடம் வந்து பார்க்கவும் டீன் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதற்குள் அவர்கள் இதற்கு ஒரு பெயரும் கண்டுபிடித்துவிட்டார்கள்: 'பெயர்வழிக் கூட்டாண்மை மாடல்'. மற்றத் தீவுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படிப் பெயர் வைக்க முடியும் என்று ஆராய ஆள் எடுக்கப் போகிறார்களாம். என்னை இனி மொழிபெயர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கார் நிறுத்தும் அனுமதிச் சீட்டுகளைப் பார்த்துக்கொள்கிறேன். சித்தப்பாவின் முன்னால் யங்கோனா வைத்து மன்னிப்புக் கேட்டேன். நம் முறைப்படி கைதட்டி ஏற்றுக்கொண்டார். டீனிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இனி, முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டியதை எழுதுகிறேன். உயிரைக் காப்பாற்றப் பெரியாஸ்பத்திரியில் மெரேவலேசியின் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உங்களுக்கு இந்தப் பிள்ளை ஒன்றுதான், தம்பி.

பிள்ளைக்கு நம் அப்பா பெயரை வைக்க வேண்டும் என்று நீ புறப்படும்போதே சொல்லியிருந்தாய். சித்தப்பா உன்னைக் கேட்கவில்லை. கேட்க நேரமிருந்தது என்றும் சொல்ல மாட்டேன், செய்தது சரி என்றும் சொல்ல மாட்டேன். ஞானஸ்நானம் உன் பதிலுக்காகக் காத்திருக்கிறது. பெயர் வைக்கும் உரிமை உன்னுடையது. நீ வேண்டாம் என்றால் சித்தப்பா தலை குனிவார், கல்லூரியில் யாராவது மறுபடி கோப்பை மூடுவார்கள், அவ்வளவுதான்.

மெரேவலேசியிடம் கேட்டேன். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "என்ன பேரு வேணா வைங்க, அண்ணி. அடுத்து அந்தக் கட்டில்ல படுக்குறவளுக்கு நர்ஸோட மொகம் தெரியணும்."

அந்த டீனை எனக்கு எவ்வளவு பிடிக்காது என்று இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். அதே கையால் இதையும் எழுதுகிறேன்: அந்தப் பெயரே இருக்கட்டும். நம் நாக்குக்கு டிரெவர் வராது. ஊரில் இப்போதே பிள்ளையைத் தெரெவா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேட்கக் கேட்க நம் பெயர் போலவே ஆகிவிடும். கோபம் வந்தால் எனக்கு எழுது, சித்தப்பாவுக்கு எழுதாதே. மெரேவலேசிக்குப் போன் செய்யும்போது ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசு. அவள் அழுதால் அழவிடு.

கர்த்தர் உன்னை முழுசாகத் திருப்பி அனுப்பட்டும். உன் மகன் அந்தப் பெயரைச் சுமந்து, அதன் சொந்தக்காரனைவிடப் பெரிய மனிதனாக வளரட்டும். அப்பா இருந்தாலும் இதற்கு ஆமென் சொல்லியிருப்பார் என்றே நம்புகிறேன்.

உன் பதிலுக்காக வழி பார்த்திருக்கும்
அக்கா
அசெனதா