முந்தின நாளே அடித்து வைத்த தீர்மானம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உடம்பளவில் நானும் அப்பாவும் சௌக்கியம், உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும். மனசளவில் எப்படி என்று கேட்டால் அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், ஆனால் உன் அப்பா பக்கத்து அறையில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி பாவனை செய்வார், நான் பேச ஆரம்பித்ததும் டிவி சத்தம் குறையும். அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

நீ போன மாதம் அனுப்பிய கட்டுரையைப் படித்தேன். ஓட்டுப் போட்டு ஒருவரை அனுப்பி அவர் நமக்காகப் பேசுவது குதிரை வண்டிக் காலத்து ஏற்பாடு, இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போடட்டும் என்று எழுதியிருந்தார்கள். நீயும் அதற்குக் கீழே சரிதானே அம்மா என்று கேட்டிருந்தாய். நம் குடும்பக் குழுவில் எல்லோரும் சேர்ந்து எங்கே சுற்றுலா போவது என்று போன வருஷம் ஓட்டு வைத்தார்களே, வரவே மாட்டேன் என்று சொன்ன உன் பெரிய மாமாதான் முதல் ஆளாக ஓட்டுப் போட்டார், அதுவும் இரண்டு ஊருக்கும். அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் அந்தப் பதிலில் நான்தான் குற்றவாளி.

நம் தெருமுனை நகரசபைப் பிரசவ ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். நீ பிறந்த இடம். போன வாரம் பெயர்ப்பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள், கட்டடத்தை இடித்துவிட்டுக் கடைவீதிக்கு வருகிறவர்கள் கார் நிறுத்த இடம் செய்யப் போகிறார்களாம். அங்கே இருந்த நர்ஸ் இன்னும் காலையில் வந்து வாசலில் நிற்கிறாள், தெரியாமல் வருகிற பெண்களை அடுத்த ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்ப. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இந்த மூடுகிற தீர்மானம் நகரசபைக் கூட்டத்தில் நிறைவேறியது. அதை டைப் அடித்தவள் உன் அம்மா.

எங்கள் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பை எப்படித் தயாரிப்போம் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை, சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. கூட்டம் நடந்த பிறகு எழுதுவது என்றுதான் சட்டத்தில் இருக்கிறது. நாங்கள் முந்தின நாளே அடித்து வைத்துவிடுவோம். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்தாற்போல என்பார்களே, நாங்கள் அதற்குப் பள்ளிக்கூடத்தில் இடமும் வாங்கிவிடுவோம். கம்ப்யூட்டரில் போன மாதக் குறிப்பைத் திறப்பேன், தேதியை மாற்றுவேன், விளக்கு என்று இருந்த இடத்தில் சாக்கடை என்று போடுவேன், சாக்கடை இருந்த இடத்தில் குப்பை வண்டி. வரியின் கடைசியில் ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று இருக்கும், அதை யாரும் தொட மாட்டோம். அந்த வார்த்தையை என் விரலால் கடைசியாக எப்போது அடித்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை, மாதத்துக்கு மாதம் அது தானாகவே நகர்ந்து வந்துகொண்டிருந்தது. யாரும் எதிர்த்ததில்லை, அதனால் பொய்யும் இல்லை. மெம்பர்கள் பன்னிரண்டு பேரும் வருவார்கள், பிஸ்கட் சாப்பிடுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போவார்கள்.

நம் வார்டு மெம்பர் யார் என்று உனக்குத் தெரியும், பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாளே அந்தத் தையற்காரிதான். தெருவில் எல்லோர் அளவும் அவளிடம் இருக்கிறது, அவளே நிற்கட்டும் என்று நாம்தான் நிற்க வைத்தோம். நாலு வருஷமாகக் கூட்டத்தில் அவள் வாயே திறக்கவில்லை. குண்டூசியை வாயில் வைத்தே பழகியவள், சபைக்கு வரும்போதும் எடுக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நான் எத்தனை தடவை கிண்டல் செய்திருக்கிறேன், நீயும் போனில் சிரித்திருக்கிறாய். அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்வேன்.

ஆஸ்பத்திரித் தீர்மானம் வந்த அன்றைக்குக் கூட்டத்தில் அவள் எழுந்து பேசியிருக்கிறாள். நான் மண்டபத்துக்குள் போவதில்லை, என் அறை மாடிப்படிக்குக் கீழே. டீ கொடுக்கப் போன பியூன்தான் தட்டோடு வந்து, “இன்னிக்கு டெய்லரம்மா நின்னுக்கிட்டே பேசிட்டாங்க, இன்னும் ரெண்டு பேரு கூடவே கையைத் தூக்கினாங்க, சேர்மன் மூஞ்சியைப் பாக்கணுமே” என்று சொன்னார். நான் அப்போது அந்தக் குறிப்பைத்தான் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது நன்றாகவே காதில் விழுந்தது. ஒரு வார்த்தையை அழித்துவிட்டு ‘மூன்று பேர் எதிர்ப்புடன்’ என்று போட எவ்வளவு நேரம் ஆகும். ஆனால் அடித்தது அடித்ததுதானே, யார் படிக்கப் போகிறார்கள், முட்டி வலி, பஸ் போய்விடும் என்று விட்டுவிட்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை தம்பி, யாரும் கையில் எதையும் திணிக்கவில்லை. மிரட்டியிருந்தால் சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது இருந்திருக்கும். கடைசிப் பக்கத்தைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள், அவளும் வருகைப் பதிவேடு என்று நினைத்துப் போட்டிருக்கிறாள்.

தெருப் பெண்கள் எல்லாம் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். இரண்டே நிமிஷத்தில் தள்ளிவிட்டார்களாம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியிருக்கிறது, உங்கள் வார்டு பிரதிநிதியே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவர் சம்மதித்தால் நீங்கள் சம்மதித்த மாதிரிதான், அப்புறம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் குறிப்பின் நகலை யாரோ அவள் கடை ஷட்டரில் ஒட்டி, அந்த ஒரு வார்த்தையைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டார்கள். தைத்தது பாதி தைக்காதது பாதியாகத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. அவள் ஒருத்தரிடமும் சண்டைக்குப் போகவில்லை. “பேசினேன்னுதான் நெனைக்கிறேன், ஆனா கையெழுத்து என்னோடதாத்தான் இருக்கு” என்று சொன்னாளாம். கேட்டவர்கள் சிரித்தார்களாம். தான் பேசினோமா இல்லையா என்று ஒருத்தியையே சந்தேகப்பட வைத்துவிட்டேன், ஒரு வார்த்தையை அழிக்காமல் விட்டு.

மூன்று நாள் அந்தக் கடையைத் தாண்டிப் போக முடியாமல் பின்தெரு வழியாகச் சுற்றிப் போனேன். நாலாம் நாள் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பாள் என்று நினைத்துப் போகவில்லை, அவளும் மன்னிக்கவில்லை. மெஷினை நிறுத்தாமல் ஒரு சட்டையின் காலரை முடித்தாள், நூலைக் கடித்தாள். அப்புறம், “அக்கா, நான் என்ன பேசினேன்னு உங்க பேப்பர்ல எங்கயாவது இருக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “எழுதிக்கிறீங்களா?” என்றாள். துணி வெட்டும் மேஜையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள், அளவு நோட்டில் ஒரு தாள் கிழித்தாள். அவள் சொன்னது இதுதான். “இந்த ஆஸ்பத்திரிக்கு வர்ற ஒருத்திக்கும் கார் கிடையாது. வலி வந்தா நடந்துதான் வர்றாங்க. நீங்க கார் நிறுத்த எடம் கேக்குறீங்க, நாங்க பிள்ளை பெத்துக்க எடம் கேக்குறோம். பஸ்ல பொறக்குற பிள்ளையை எந்த வார்டுல சேத்துக்குவீங்க? அதுக்கு யாரு மெம்பரு?” அதற்குச் சேர்மன் சொன்ன பதில், ‘அடுத்த பொருளுக்குப் போகலாம்’ என்பதுதானாம். நாலு வருஷம் வாய் திறக்காதவள் பேசியதைப் பார்த்தாயா தம்பி. சபைக்கு அனுப்பினால் இப்படித்தான் பேச வேண்டும் என்று நாம் எல்லோரும் ஆசைப்பட்டோமே, பேசியிருக்கிறாள், அது மாடிப்படி இறங்கி என் அறை வரைக்கும் வந்து அங்கேயே செத்துப் போயிருக்கிறது.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். இந்த ஏற்பாடு ஜனங்களுக்கு உதவுகிறதா என்றால், இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மாற்ற வேண்டுமா என்றால், கட்டாயம். யார் கை தூக்கினார்கள் யார் தூக்கவில்லை என்று பெயர் பெயராக எழுத வேண்டும், பேசியதைப் பேசியபடி எழுத வேண்டும், மண்டபத்துக் கதவைத் திறந்து வைக்க வேண்டும், சரியில்லாதவரை ஐந்து வருஷம் காத்திராமல் பதவியிலிருந்து திரும்பக் கூப்பிட்டுக்கொள்ள வழி வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் கூட்டம் முடிந்த பிறகு கூட்டக் குறிப்பை அடிக்க வேண்டும். படித்தவர்கள் எழுதும் கட்டுரையில் இது வருவதில்லை. நீ சொல்கிற மாதிரி எல்லோரும் போனில் ஓட்டுப் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை எண்ணி எழுதி வைக்க எங்கேயோ ஒரு மாடிப்படிக்குக் கீழே முட்டி வலியோடு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள், அவளைப் பற்றியும் கொஞ்சம் யோசி.

தெருப் பெண்கள் திரும்ப மனு போடுகிறார்கள். குறிப்பு தப்பு என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லிவிட்டார். கூட்டத்துக்கு முந்தின நாள் தேதியோடு அந்தக் குறிப்பு என் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. திங்கட்கிழமை வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன். நேற்று அதை உட்கார்ந்து அடித்தேன். முப்பத்தோரு வருஷமாகத் தீர்மானிக்கப்பட்டது, அனுப்பப்பட்டது, பரிசீலிக்கப்பட்டது என்றே அடித்த கை, ‘நான்’ என்று ஆரம்பிக்க வேண்டியிருந்தது, ஒரு பக்கத்துக்குள் ஏழெட்டுப் பிழை. உன் அப்பா, “ரெண்டு மாசத்துல ரிட்டையர் ஆகப் போறே, இப்ப எதுக்கு உனக்கு இந்த வேண்டாத வேலை” என்கிறார். விசாரணை வரும், முப்பத்தோரு வருஷமும் ஒன்றுமில்லாமல் போகலாம், அவர் பயப்படுவது நியாயம்தான். உன்னிடம் பேசி என்னைத் தடுக்கச் சொல்வார். தடுக்காதே. இதனால் ஆஸ்பத்திரி திரும்பி வந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை, இடிக்கிற இயந்திரம் வந்து நிற்கிறது. அவள் பேசினாள் என்பதாவது ஒரு காகிதத்தில் இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, நாற்காலியிலேயே தூங்காதே, குளிரில் காதை மூடிக்கொள். நீ நல்ல மனசோடும் நல்ல பெயரோடும் நூறு வருஷம் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. ஒரு விஷயம் மறக்காதே. உன் அடுக்குமாடிச் சங்கத்துக் கூட்டத்துக்குப் போக நேரமில்லை, வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிடுவேன் என்று போன வாரம் பெருமையாகச் சொன்னாய். அன்றைக்குக் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். போய், நீ கொடுத்த தாளையெல்லாம் திருப்பி வாங்கு.

இப்படிக்கு,
உன் வாக்குமூலத்தையும் ஒரு நாள் யாராவது கேட்பார்கள் என்று பயப்படும்
அம்மா