சின்னக் கேமராவில் விழுந்த சிரிப்பு

ஆடி 4, வெள்ளி

தென்காசி முழுக்க விடாத சாரல். கழுவின போட்டோ பிளேட்டுகள் காயவில்லை. இருட்டறையில் கரியடுப்பு வைத்தும் பயனில்லை.

கடை அலமாரியைத் துடைக்கும்போது என் வீட்டுக்காரி கோமதி ஆரம்பித்தாள். "படம் புடிக்க ஒரு பொட்டி பத்தாதா? மூணு பொண்டாட்டிக்காரன் மாரில்லா வச்சிருக்கீக." மூன்றில் ஒருத்திகூட உன்னை மாதிரிப் பேசமாட்டாள் என்றேன். சிரிக்கவில்லை.

அவளுக்குச் சொன்ன விளக்கம்:
பெரிய மரக் கேமரா: முக்காலி, கறுப்புத் துணி. கல்யாணம், குடும்பப் படம். எதிரே நிற்பவர் மூச்சைப் பிடித்து நிற்கவேண்டும்.
மடக்குக் கேமரா: வெளியூர், சாவு வீடு.
சின்னது: சட்டைப் பைக்குள் போகும். சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரையிடம் வாங்கியது. எதற்கு என்றாள். எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆடி 5, சனி

ஐந்தருவி. சிவகிரியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்குப் பெரிய கேமரா. லென்ஸைத் துடைத்தே அரை நாள் போச்சு.

முடித்துச் சுக்குக் காப்பி குடிக்கையில், எதிர்ப் பாறையில் ஒரு பெண். குளித்துவிட்டு ஈரத் தலையோடு. குரங்கு அவள் மடியிலிருந்த மங்குஸ்தானைப் பறித்தது, கடித்துப் பார்த்தது, பிடிக்காமல் அவள்மேலேயே எறிந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். கை தானாகப் பைக்குள் போய்விட்டது. படம் எடுத்தது அவளுக்குத் தெரியாது.

ஆடி 8, செவ்வாய்

பிரிண்ட் போட்டேன். என் ஆயுசில் இப்படி ஒரு படம் எடுத்ததில்லை. கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில், நட்டநடுவில் வைத்தேன். போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். ஒரே பெருமை.

கோமதி மட்டும், "யாரு பெத்த பிள்ளையோ. கேட்டீகளா?"

கேட்கவில்லை. படம் கழுவுகிற ஹைப்போ தீரப்போகிறது, வாங்கவேண்டும்.

ஆடி 12, சனி

கடை திறந்ததும் வீரகேரளம்புதூர்க்காரர் ஒருவர். அந்தப் பெண் பகவதி, இவருடைய தம்பி பெண்டாட்டியாம்.

"என் தம்பி கொளும்புல கெடந்து ஒழைக்கான். அவன் பொண்டாட்டி இங்கன பஜார்ல பல்லக் காட்டிக்கிட்டு நிக்கா. யாரக் கேட்டுவே வச்சீரு? ஊரே பேசுது. எங்கம்மா அவளப் படி தாண்ட விடல."

அவரே பெட்டியைத் திறந்து படத்தை எடுத்துக் கிழித்தார். "பிலிமையும் எரிச்சிருதேன் அண்ணாச்சி" என்றேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன். அவர் கண்முன்னே ஒரு தீக்குச்சி. குப்பென்று போய்விட்டது.

ஆடி 13, ஞாயிறு



பெரிய கேமராவுக்குத் தலை சீவி, பொட்டு வைத்து, தானாக வந்து நிற்கிறார்கள். நான் துணிக்குள் தலையை விட்டால் எடுக்கப் போகிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். சின்னது யாரையும் கேட்பதில்லை. அதைக் குறை சொல்லி என்ன, கேட்காதவன் நான்தான். அவள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கிறாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலில் நின்றேனே.

முக்காலிக்கு ஒரு திருகாணி வாங்கவேண்டும்.

ஆடி 19, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. அதே அண்ணாச்சி, அவர் தாயார், பகவதி. கொழும்புக்கு அனுப்ப "மரியாதையா ஒரு படம்" வேண்டுமாம்.

மாமியார் நாற்காலியில், பகவதி பக்கத்தில் நின்று. பெரிய கேமரா. துணிக்குள் தலைகீழாகத் தெரிந்தாள். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். இவ்வளவு அசையாமல் யாரும் நின்றதில்லை. படம் நன்றாக வரும். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். அண்ணாச்சி முன்னால் ரசீது மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

மற்ற இருவரும் படியிறங்கியதும் பகவதி கோமதியின் கையைப் பிடித்தாள்.

"யக்கா, கண்ணாடிக்குள்ள இருந்துச்சாமே, அந்தப் படம். நான் பாக்கவே இல்ல. அதுல ஒண்ணு யாருக்கும் தெரியாமத் தருவீகளா? சிரிச்சாப்புல ஒரு படம் அனுப்புன்னு அவுக எழுதிக்கிட்டே இருக்காக."

கோமதி என்னைப் பார்த்தாள். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.