தெரியாத மாதிரி

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம். கப்பல் இரைச்சலில் தூக்கம் வருகிறதா? முழங்காலுக்கு நான் கொடுத்த தைலத்தைத் தேய்க்கிறீர்களா, இல்லை அது பெட்டியிலேயே தூங்குகிறதா?

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். இனிமேல் கணக்கு வகுப்பில் பாப்பா உட்கார வேண்டாம், நூலகத்தில் தனியாக உட்காரட்டும் என்றார். எனக்குப் பகீரென்றது. என்ன தப்பு செய்தாள் என்று கேட்டேன். தப்பே இல்லையாம். மேல்வகுப்புக் கணக்கை அவளே படித்துக்கொள்வாளாம், கணக்கு சார் அவ்வப்போது வந்து பார்ப்பாராம். பரீட்சையில் பாதிக்குப் பாதி தப்பாகப் போடுகிறவளுக்கு மேல்வகுப்பா என்றேன். சரியான விடையை எழுதி, அழித்துவிட்டுத் தப்பாக எழுதுகிறாள் என்று சார் சாதிக்கிறார். எந்தப் பிள்ளையாவது அப்படிச் செய்யுமா? மருந்துக்கடையில் டாக்டர் கையெழுத்தையே திருப்பித் திருப்பிப் பார்க்கிறவள் நான், இதை நம்புவேனா? மக்குப் பிள்ளையை ஓரங்கட்டப் பார்க்கிறார்கள், அதற்கு மேலே ஜிகினா ஒட்டுகிறார்கள் என்றுதான் தோன்றியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் கடையில் லீவு சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் வகுப்பு ஜன்னலோரம் போய் நின்றேன். திருடி மாதிரிதான், சிரிக்காதீர்கள். சார் பாப்பாவை எழுப்பி ஒரு கணக்குக் கேட்டார். தெரியாது என்றாள். பக்கத்துப் பெண் காதோடு விடையைச் சொல்ல, இவள் அப்போதுதான் கண் திறந்தவள் மாதிரி ஆகா என்று தலையாட்டினாள். பெற்றவளுக்குத் தெரியாதா, அது நடிப்பென்று? நான் நிற்பதை எப்போது கவனித்தாரோ, சார் ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்தீர்களா அம்மா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அவள் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஏன்டி இந்த நடிப்பு என்றேன். எல்லாம் தெரிந்தால் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்களாம். தெரியாத மாதிரி இருந்தால் சொல்லிக்கொடுக்க வருவார்களாம். கூசாமல் சொல்கிறாள்.

சரி, ஒரு நாள் போய்ப் பார் என்று அரைமனதாக நூலகத்துக்கு அனுப்பினேன். சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள் பாருங்கள்! முடிவே இல்லாத எண்களாம், அதிலும் ஒரு கூட்டம் பெரியதாம், இன்னொன்று சின்னதாம். முடிவே இல்லாததில் பெரிசு ஏது, சின்னது ஏது? ஒன்றும் விளங்காமல் திருதிருவென்று விழித்தேன். ஆனால் அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

திடீரென்று என் முகத்தைப் பார்த்தாள். பேச்சை நிறுத்தினாள். எனக்கும் இது சரியா புரியலம்மா என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பொய்ங்க. அவளுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சம்மதம் சொல்லிவிட்டேன். சார் மேல் இப்போது சந்தேகம் இல்லை. ஆனால் பாப்பா, நான் எது சொன்னாலும் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள். நீங்கள் அவளுக்குத் தனியாக நாலு வரி எழுதுங்கள். அம்மாவுக்குப் புரியாவிட்டால் போகட்டும், நீ பாட்டுக்குப் பேசு, அம்மா எழுந்து போய்விட மாட்டாள் என்று எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
பாப்பாவின் அம்மா