காதடியில் வெள்ளை

கார்த்திகை 12, புதன் இரவு

மனைவி கனடாவுக்கு மகளிடம் போய் நான்கு மாதமாகிறது. இன்று பின்னேரம் வீடியோவில் பேசும்போது, அவள் வளர்த்த பூனையை நான் வரைந்த படத்தைக் காட்டினேன். என்னிடம் இருப்பது மூன்று நீர்வர்ணம்தான்: நீலம், மண்ணிறம், மஞ்சள். நீலத்தில் மண்ணிறத்தைத் துளித்துளியாகக் கலந்து, பூனையின் சாம்பல் நிறத்தைப் பிடிக்க இரண்டு நாள் எடுத்தது. காய்ந்தால் வெளிறிவிடும் என்று கொஞ்சம் கடுமையாகவே தீட்டியிருந்தேன்.

"நிறம் அச்சொட்டா இருக்கு. ஆனா இடக்காதுக்குக் கீழ வெள்ளை எங்க? ஒருநாளும் நீங்க காணல்லயா?" என்றாள்.

இரண்டு நாள் வேலையை ஒரு புள்ளியால் தள்ளிவிட்டாள். எரிச்சல்தான் வந்தது. "ஓம், அந்த இடத்தில தாளை வெறுமையா விட மறந்திட்டன்" என்றேன். இந்த வேலையில் தாள்தான் வெள்ளை. பூசிவிட்டால் திரும்ப வராது.

பேசி முடித்ததும் குசினியில் அடுப்படியோரம் படுத்திருந்த பூனையைத் தூக்கிக் காதடியைப் பார்த்தேன். மயிரை விலக்கியும் பார்த்தேன். வெள்ளையே இல்லை. இது அவளுடைய பூனை இல்லை. அது எப்போது போனது, இது எப்போது வந்தது, ஒன்றும் தெரியவில்லை. வாவி மீனை அவித்து, முள் எடுத்து, இதற்குத்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாளைக்குப் புதுத் தாளில், இடக்காதுக்குக் கீழே கொஞ்சம் வெறுமையாக விட்டு வரைந்து அவளுக்கு அனுப்பிவிடுவேன்.

இப்போது இந்தப் பூனை என் காலடியில் கிடக்கிறது. இத்தனை நாளும் அவளுடைய பூனையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் வந்தது.