சபுராவின் காலை மாத்திரை

நாயுடுபுரம், கொடைக்கானல்
8.7.2025

அன்பு மகள் மஹ்ஜபினுக்கு, அத்தா யாகூப் சொல்ல, பக்கத்துப் பூக்கடை தேவசேனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இத்தனை வருஷமும் நான் சொல்ல, உன் அம்மாதான் எழுதுவாள். இப்போது பேனாவைக் கொடுத்தால் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறாள். போனில் சொன்னால் அவள் காதில் விழும். வெயிலிலும் இரண்டு ஸ்வெட்டர். நேற்று நம் தைலக் கடைக்கு வந்தவள், வந்த சோலி மறந்து நின்றாள். என்னைத் திட்டுவதே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது. மறதி நோய், போன ஞாபகம் இனித் திரும்பாது என்கிறார்கள். நீ மூளையைப் படிக்கிறவள். உள்ளதைச் சொல்.

அத்தா யாகூப் (கைநாட்டு)


ஹைதராபாத்
13.7.2025

அன்புள்ள அத்தா, வஅலைக்கும் ஸலாம்.

வெரசாக அம்மாவுக்கு ரத்தம் எடுத்துத் தைராய்டு பாருங்கள். அந்த ஹார்மோன் மூளை செல்லுக்குள் போய், அங்கிருக்கும் ஏற்பியில் உட்கார வேண்டும். ஏற்பி நம் கடை ஷட்டரில் நிற்கும் ஆள் மாதிரி. முதலாளி வராவிட்டால் சும்மா நிற்கமாட்டான், திறக்கவிடாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்வான். ஹார்மோன் வந்தால்தான் ஷட்டர் ஏறும். அதுவரை சரக்கெல்லாம் கெடாமல் உள்ளேயே கிடக்கும். அம்மா விஷயமும் இப்படி இருக்கலாம். ரத்தம் பார்த்தால்தான் தெரியும்.

அம்மா வழக்கமாகப் போடும் தைராய்டு மாத்திரையை இப்போது தினமும் எப்படிப் போடுகிறாள்? உங்கள் ஞாபகத்தை நம்பிக் கேட்கிறேன்.

மஹ்ஜபின்


நாயுடுபுரம்
18.7.2025

மகளே,

தப்பு என்னுடையது. மார்ச்சில் முதல் நோன்பு, ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததே தாமதம். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக் காத்திருந்தால், சாப்பிடுவதற்குள் விடிந்து சஹர் நேரம் முடிந்துவிடும். “பாலோடயே முழுங்கு புள்ள” என்று டம்ளரை நீட்டினேன், எலும்புக்கான கால்சியம் மாத்திரையும் கூடவே. பெருநாள் போன பிறகும் அதையே தினமும் நீட்டினேன். பிரியமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைப்பு. பாலும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாதாம். ரத்தத்தில் தைராய்டு ரொம்பக் குறைவு என்றார் டாக்டர்.

நீ பிறந்த மணிகூட எனக்கு மறக்கவில்லை. அந்த டம்ளர் மட்டும் மறந்தால் தேவலை. இப்போது வெள்ளனே தண்ணீரோடு மாத்திரை. அதற்குள் அவள் குடித்துவிடாமல் ஒரு மணி நேரம் டீ பிளாஸ்க்கை மடியில் வைத்துக் காவல் இருக்கிறேன். கால்சியம் மாத்திரை மத்தியானம்தான்.

அம்மாவிடம் சொல்லிவிடாதே.

அத்தா (கைநாட்டு)


நாயுடுபுரம்
6.10.2025

மஹ்ஜபினுக்கு, அத்தா சொல்ல, அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கையெழுத்து கோணலாக இருக்கிறதா? பொறுத்துக்கொள். இங்கே ஒரே மூடுபனி. “அம்மா பூரண குணம்” என்று எழுதச் சொல்கிறார் அத்தா. பூரணம் ஒன்றும் இல்லை, நேற்றுகூட ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். ஒரு ஸ்வெட்டர் போதும்.

அடுத்து அத்தா சொல்வது: “அந்தப் பால் சமாச்சாரத்த அம்மாகிட்டச் சொல்லிராத.”

மூன்று மாதமாய் தேவசேனாவிடம் சொல்லிப் பழகியவர், எழுதுவது யாரென்று மறந்துவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். “என்ன பால் சமாச்சாரம்?” என்றேன். எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டார்.

மார்ச்சிலிருந்து நான் திட்டாதது நிறைய பாக்கி இருக்கிறது. இப்போதே ஆரம்பிக்க வேண்டும், இத்தோடு நிறுத்துகிறேன்.

அம்மா சபுரா