சுண்ணாம்பு அடித்த கோடு

4.10.93 திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மண்ணெண்ணெய், வெங்காயம், இவருக்குப் பட்டன் ஒரு அட்டை. தாம்பரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் இன்றைய வார்த்தை 'எராடிகேட்'. அடியோடு ஒழிப்பது. நாளைக்குள் ஐந்து வாக்கியம். வறுமை, கொசு, லஞ்சம் வரை எழுதிவிட்டேன். மேலே ஓடவில்லை.

ராஜகீழ்ப்பாக்கம் வந்து இறங்கினால், எங்கள் தையல் கடைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் கோடு! ரோட்டை அகலப்படுத்துகிறார்களாம். கோட்டுக்கு முன்னால் இருப்பது மட்டும் இடிபடும். படியும் போர்டும்தான். ஆனாலும் இவர் முகம் செத்துப் போயிருந்தது. தீபாவளித் துணி மலையாய்க் கிடக்கிறதே.

5.10 செவ்வாய்

வகுப்பில் இங்கிலீஷ் மாஸ்டர் தன் பங்குக்கு ஒரு வாக்கியம் சொன்னார்: அரசாங்கம் ஆக்கிரமிப்புக் கடைகளை எராடிகேட் பண்ண வேண்டும். எங்களையும் கொசுவோடு சேர்த்துவிட்டார். நானும் குனிந்து எழுதித் தொலைத்தேன். பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பினால் இவர் கையில் வாளி, பிரஷ். சுவர் பூரா சுண்ணாம்பு, கோட்டையே காணோம்.

"கோடு இல்லேன்னா நம்ம கடைய விட்டுட்டுப் போயிடுவான்."

பக்கத்துப் பழக்கடை அக்கா, "சூப்பரா கீதுப்பா! என் செவுத்துக்கும் ரெண்டு இழுப்பு இழுத்துடு" என்றாள். இழுத்தார். இது வம்பில் முடியும் என்று சொன்னால், "வாய வெக்காதே."

7.10 வியாழன்

மேகமூட்டம். வகுப்புக்குப் போகவில்லை. இடிக்கும் வண்டி வந்துவிட்டது.

மறுபக்கத்துச் சலூன்காரர் தன் கோட்டைத் தொடவில்லை. அவருக்குப் படி மட்டும் போனது. எங்கள் கடை வந்ததும் டிரைவர், "இன்னா சார், இங்க கோட்டையே காணோம்?"

ஆபீசர் எட்டிப் பார்த்தார். "கோடு இல்லைன்னா முழுக் கடையும் ரோட்டு இடம்தான். தள்ளுப்பா."

இவர் குறுக்கே ஓடினார். "சார், இருந்துச்சு சார்! நான்தான் சார் அழிச்சேன்!" நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டு சுரண்டென்று சுரண்டினார். எங்கெங்கோ சுரண்டினார். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் துணிகளை அள்ளி அள்ளி வெளியே போட்டேன். மெஷினைச் சலூன்காரர் தூக்கி வந்தார். பிறகு ஒரே தூசி. பழக்கடையும் போச்சு. அக்கா இவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எராடிகேட்டாம், எராடிகேட்!

8.10 வெள்ளி

நல்ல மழை. பால் திரிந்துவிட்டது. இவர் வழக்கம்போல் குளித்து, சட்டை மாட்டி, ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, "கடைக்குப் போயிட்டு வரேன்" என்றார். இன்னும் வாசலிலேயே நிற்கிறார்.